விசாவுக்கு முன்னால் ரேபிஸ் ஊசி: சேலத்திலிருந்து செல்லப்பிராணியோடு வெளிநாடு போவது

ஜெர்மனியில் வேலை கிடைத்த ஒருவருக்கு விசா, வீடு, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் எல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடலாம். வீட்டு நாய்க்கு அது போதாது. கணக்கில் கொள்ளத்தக்க முதல் ரேபிஸ் ஊசியை இன்றைக்குப் போட்டால், அது ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கக் குறைந்தது நாலு மாதம் ஆகும். பணம் கூடுதலாகக் கொடுத்தாலும் ஆகும், ஆள் தெரிந்திருந்தாலும் ஆகும். பூனைக்கும் இதே கதைதான். டிக்கெட் போட்ட பிறகு "நாய்க்கு என்ன பண்ணணும்?" என்று டாக்டரிடம் போய் நிற்கும் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இந்தத் தாமதத்துக்கு விமான நிறுவனமோ நம்மூர் அலுவலகமோ காரணம் இல்லை, ரேபிஸ் கிருமிதான் காரணம். உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் சுமார் 36 சதவீதம் பேர் இந்தியாவில் இறக்கிறார்கள், ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் நாம் 'பட்டியலில் இல்லாத நாடு'. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசிக்கு 'ரேபிஸ் அபாயம் மிகுந்த நாடு'. ஆஸ்திரேலியாவுக்கு 'அனுமதி பெறாத நாடு'. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் மூன்றாவது மாடியை விட்டு இறங்கியே பார்க்காத பூனையும், ஏற்காட்டில் காபித் தோட்டம் முழுக்கச் சுற்றும் காவல் நாயும் அவர்களுக்கு ஒன்றுதான். 'எங்க வீட்டு நாய் யாரையும் கடிக்காது' என்பதை அங்கே யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

ஆகவே வேலையைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கிளம்பும் நாளை எழுதி வைத்து, அதிலிருந்து காத்திருப்புக் காலத்தைக் கழித்து, ரத்தம் எடுக்கும் நாள், அதற்கு முந்தைய ஊசி, அதற்கும் முன்னால் சிப் என்று இறங்கி வந்தால்தான் இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும்.

முதலில் சிப், பிறகுதான் ஊசி

இந்த வரிசை மாறினால் மொத்தமும் முதலிலிருந்து. மைக்ரோசிப் என்பது அரிசி மணி அளவில் தோலுக்கடியில் போய் உட்காரும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டும். இடத்தைக் காட்டும் கருவி அல்ல, பேட்டரியும் கிடையாது. ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில், 134.2 கிலோஹெர்ட்ஸில் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சிப் போட்ட அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ரேபிஸ் ஊசிதான் செல்லும். முன்னால் ஐந்து வருடம் தவறாமல் ஊசி போட்டிருந்தாலும் கணக்கில் வராது. காரணம் எளிது: ஊசிச் சான்றிதழில் இருக்கும் 'பிரவுன் நிற லாப்ரடார், வயது 4' என்ற வர்ணனைக்கு ஆயிரம் நாய்கள் பொருந்தும். எண் ஒன்றுக்குத்தான் பொருந்தும். சேலத்தில் நாய்க்கு யாரும் சிப் கேட்பதில்லை என்பதால் நம்மவர்கள் இதைக் கடைசியில் நினைக்கிறார்கள்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. டைட்டர் டெஸ்ட் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, போகும் நாடு ஏற்றுக்கொள்ளும் ஆய்வகத்துக்கு சீரம் அனுப்ப வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் எதிர்ப்புப் புரதம் இருந்தால் தேர்ச்சி. வாழ்க்கையில் ஒரே ஒரு ஊசி போட்ட குட்டி இதில் தோற்றுப்போக வாய்ப்பு அதிகம். அதனால் அனுபவமுள்ள டாக்டர்கள் மூன்று நாலு வார இடைவெளியில் இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டுத்தான் ரத்தம் எடுக்கிறார்கள். ஒரு மாதம் கூடும். பரவாயில்லை. தோற்றால் இழப்பது அதைவிட அதிகம்.

தேறிய பிறகும் ஐரோப்பாவும் பிரிட்டனும் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கின்றன. இதுதான் பலருக்கும் எரிச்சலூட்டுகிற விதி. எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்று ஆய்வகமே எழுதிக் கொடுத்த பிறகு எதற்கு மூன்று மாதம்? ஊசி போடுவதற்கு முன்பே அந்த நாய் எங்கேயாவது கடிபட்டிருந்தால்? ரேபிஸ் கிருமி உடம்புக்குள் போய் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடையாளமே காட்டாமல் இருக்கும். நரம்பு வழியாக மூளையை எட்டும்வரை நாய் நன்றாகத்தான் சாப்பிடும், விளையாடும். ரத்தப் பரிசோதனை ஊசி வேலை செய்ததைச் சொல்லும், பழைய கடியைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது காலம் மட்டும்தான். ரேபிஸின் மறைகாலத்தை ஆறு மாதம் வரை என்று உலக விலங்குநல அமைப்பு வரையறுத்திருக்கிறது. ஜப்பான் 180 நாள் கேட்பதும், ஐரோப்பா அதில் பாதியோடு விடுவதும் அந்தந்த நாடு எவ்வளவு அபாயத்தை ஏற்கத் தயார் என்பதைப் பொறுத்தது. விதியைக் கொடுமை என்று திட்டுவதற்கு முன், நாய்க்கடியை நாம் இங்கே எவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம் என்று ஒருமுறை யோசிக்கலாம்.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. ஐரோப்பிய விதிப்படி, தேறிய டைட்டர் முடிவு அந்தப் பிராணியின் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் அடுத்தடுத்த ரேபிஸ் ஊசிகளைக் கெடு தேதிக்குள் போட்டுக்கொண்டே வர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அந்த முடிவு காலாவதி. ஆகவே வெளிநாடு போகும் யோசனை லேசாக இருக்கும்போதே சிப், ஊசி, டைட்டர் மூன்றையும் முடித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வேலை கிடைக்காவிட்டால் போன செலவு போகட்டும்.

ஊசிப் புத்தகம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நம் பக்கத்து மருத்துவமனைகளில் தடுப்பூசிக் குப்பியின் ஸ்டிக்கரை ஒட்டி, கையெழுத்துப் போட்டு, தேதி எழுதித் தருவார்கள். அவசரத்தில் அடுத்த தேதியை மட்டும் எழுதி, போட்ட தேதியை விட்டுவிடுவதும் உண்டு. முகாம்களில் போடும் இலவச ஊசிக்குப் பல நேரம் சீட்டே இருக்காது. வெளிநாட்டுக்கு வேண்டியது தடுப்பூசியின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், போட்ட தேதி, செல்லும் தேதி, சிப் எண், டாக்டரின் பதிவு எண், முத்திரை. அடித்தல் திருத்தல் இருந்தால் வேறு பக்கத்தில் புதிதாக எழுதி வாங்கிவிடுங்கள். உரிமையாளர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒத்திருக்க வேண்டும் என்பதும் சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் சின்ன விஷயம் இல்லை.

எந்த நாடு, என்ன வித்தியாசம்

அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் நாய்களுக்கான விதியை மாற்றிவிட்டது. நாய்க்குக் குறைந்தது ஆறு மாத வயது, சிப், சிடிசியின் இணையப் படிவம் ஆகியவை எல்லோருக்கும். இந்தியாவில் ஊசி போட்ட நாய்க்கு இதோடு ஊசியையும் சிப்பையும் அரசுக் கால்நடை அதிகாரி உறுதிசெய்த தனிப் படிவமும் வேண்டும். அது இறங்கக்கூடிய இடங்களும் சிலதான்: சிடிசி பதிவு பெற்ற விலங்குப் பராமரிப்பு மையம் உள்ள நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், மயாமி போன்ற விமான நிலையங்கள். அங்கே முன்கூட்டியே இடம் பதிவு செய்திருக்க வேண்டும். இறங்கியதும் பரிசோதனை, இன்னொரு ரேபிஸ் ஊசி. டைட்டர் முடிவு கையில் இருந்தால் அதோடு விட்டுவிடுவார்கள். இதற்கு ரத்தம் பயணத்துக்குக் குறைந்தது 28 நாளுக்கு முன் எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் 28 நாள் தனிமைப்படுத்தல், செலவு உங்களுடையது. கனடா வழியாகப் போனால் தப்பிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கடந்த ஆறு மாதத்தில் நாய் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி, எந்த வழியாக வந்தது என்பதல்ல. பூனைக்கு இந்தக் கெடுபிடி எதுவும் சிடிசியிடம் இல்லை. ஹவாய்க்கும் குவாமுக்கும் தனி விதி.

ஐரோப்பாவில் நாயும் பூனையும் ஒரே விதிக்குள் வரும். உரிமையாளர் பயணமும் பிராணியின் பயணமும் ஐந்து நாள் இடைவெளிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் வணிக இறக்குமதியாகக் கருதப்பட்டு வேறு சட்டம் பாயும். கணவர் முன்னால் போய் வீடு பார்த்து, மனைவி பிள்ளைகளோடு நாய் பின்னால் வருவதாகத் திட்டமிடும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனிலும் இந்த ஐந்து நாள் உண்டு. அதோடு பிரிட்டன், அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே நாடுகளுக்குப் போகும் நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். அதுவும் சேர்வதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும், டாக்டர் கையால், நேரத்தோடு எழுதி. சேலத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்பி, விமானம் இரண்டு நாள் தள்ளிப்போனால் அந்த 120 மணி கரைந்துவிடும். விமானம் ஏறும் ஊரில் கொடுப்பதே பத்திரம்.

கனடா இவற்றில் எளிது. வீட்டு நாயாக இருந்து, முறையான ரேபிஸ் சான்றிதழ் இருந்தால் டைட்டர் கேட்பதில்லை. ஆனால் விற்பனைக்கும் தத்துக்கும் அனுப்பப்படும் நாய்களை இந்தியாவிலிருந்து 2022 செப்டம்பர் 28 முதல் அனுமதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இங்கிருந்து நேரே போக முடியாது. அனுமதி பெற்ற வேறொரு நாட்டில் பல மாதம் தங்கித் தயாராகித்தான் போக முடியும், போன பிறகும் தனிமைப்படுத்தல். இதற்கு ஆகும் காலமும் செலவும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து.

சிங்கப்பூரில் தனிமைப்படுத்தலைவிட வீடுதான் பெரிய சிக்கல். நம்மவர்கள் பெரும்பாலும் வாடகைக்குப் போவது எச்டிபி எனப்படும் அரசு வீட்டுவசதி அடுக்ககங்களுக்கு. அங்கே பட்டியலில் உள்ள சிறிய இன நாய் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம், லாப்ரடாருக்கு இடமில்லை. பூனைகளுக்குப் பல பத்தாண்டுகளாக இருந்த தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கியது, இப்போது இரண்டு வரை வளர்க்கலாம். அமீரகத்தில் ராட்வைலர், டாபர்மேன், பாக்ஸர் உட்படச் சில இனங்களுக்குத் தடை. நம் ஊரில் காவலுக்கு விரும்பி வாங்குபவை இவைதான். ஜெர்மனி பிட்புல், புல் டெரியர் வகைகளையும், பிரிட்டன் பிட்புல், எக்ஸ்எல் புல்லி போன்றவற்றையும் உள்ளே விடுவதில்லை. கலப்பினம் என்று சொல்லித் தப்பிப்பதும் கடினம். நாயின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

மலையிலிருந்து இறங்கி, ஓடுபாதை வரை

ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் நமக்கு ஒரு விமான நிலையம் இருக்கிறது என்றாலும் அது உள்நாட்டுச் சிறு விமானங்களுக்கானது. வெளிநாட்டுக்குப் பிராணியை ஏற்ற பெங்களூருவோ சென்னையோதான். ஏற்றுமதிக்கான உடல்நலச் சான்றிதழைத் தருவது ஒன்றிய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்புச் சேவை நிலையம். ஏக்யூசிஎஸ் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, ஹைதராபாத், பெங்களூரு, கொச்சி போன்ற சில ஊர்களில்தான் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து பறக்கிறதோ அந்த நிலையத்தில் பிராணியை நேரில் காட்ட வேண்டும்.

இங்கேதான் சேலத்துக்காரருக்கு ஒரு தனிச் சிக்கல் வருகிறது. அலுவலகம் பகலில் இயங்கும். ஐரோப்பிய விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும். சான்றிதழ் பயணத்துக்குச் சில நாள் முன்புதான் வாங்க முடியும், ஏனென்றால் ஐரோப்பியச் சான்றிதழ் கொடுத்த 10 நாளுக்குள் அங்கே நுழைந்தாக வேண்டும். ஆகவே பெங்களூருவில் ஒன்றிரண்டு நாள் தங்க வேண்டிவரும், அல்லது இரண்டு முறை போய்வர வேண்டும். நாயை அனுமதிக்கும் தங்குமிடத்தை முன்பே பிடித்து வைப்பது நல்லது. உறவினர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. தூரத்தைப் பார்த்தால் பெங்களூரு சென்னையைவிடப் பக்கம், சுமார் 200 கிலோமீட்டர். ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில். ஓசூர் தாண்டியபின் நெரிசலில் நிற்கும் நேரத்தைப் பார்த்தால், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்குப் போவது சில நாட்களில் நிம்மதியாகவே இருக்கும்.

ஏற்காட்டு நாய்க்கு இதற்கு முன்னாலேயே ஒரு சோதனை இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஏறிப் பழகாத நாய் பாதி வழியில் வாந்தி எடுக்கும். பயணத்தன்றுதான் முதல்முறை மலையிறங்குகிறது என்றால் கூண்டுக்குள் அசுத்தத்தோடு, களைத்துப்போய் விமான நிலையம் சேரும். சில மாதம் முன்பிருந்தே வெறும் வயிற்றில் சிறிது தூரம், பிறகு அடிவாரம் வரை, பிறகு நகரம் வரை என்று பழக்கிவிட வேண்டும். வெயிலும் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் வளர்ந்த, அடர்ந்த ரோமமுள்ள நாய்க்கு ஏப்ரல், மே மாதச் சேலம் தாங்காது. அந்த மாதங்களில் வெப்பத்தைக் காரணம் காட்டி விமான நிறுவனங்களே பிராணிகளை ஏற்ற மறுப்பதுண்டு.

உண்ணி இன்னொன்று. காபிச் செடிகளுக்கிடையே திரியும் நாயின் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி இல்லாமல் இருப்பது அபூர்வம். எர்லிச்சியா, பாபீசியா கிருமிகளை உண்ணி பரப்பும். ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, காய்ச்சல் வந்து போய், வெளியே நன்றாகத் தெரியும் நாயின் உடம்பில் நோய் தங்கியிருக்கலாம். சில நாடுகள் இதற்குத் தனிப் பரிசோதனையே கேட்கின்றன. கேட்காவிட்டாலும், சோர்ந்த நாயைப் பறக்கத் தகுதியானது என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். ஆகவே சிப் போடும் முதல் நாளிலேயே ஒரு முழு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. தலைவாசலிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருப்பது நம் பக்கத்துக்கு ஒரு வசதி. நாமக்கல் கல்லூரி 1985 முதல் இயங்குகிறது.

கூண்டு, சரக்கு, பில்

சரக்கறையில் போடுவதா என்று கேட்டு மனம் கலங்குபவர்கள் உண்டு. பிராணிகளை ஏற்றும் அறையில் காற்றழுத்தம் பயணிகள் பகுதியில் இருப்பதுபோலவே இருக்கும், வெப்பமும் கட்டுக்குள் இருக்கும். இருட்டும் சத்தமும்தான் புதிது. மயக்க மருந்து கொடுத்து அனுப்பலாமா என்று கேட்டால் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறன் குறையும், ஆட்டத்தில் விழுந்து அடிபடும். மயங்கிய நிலையில் வரும் பிராணியை விமான நிறுவனம் திருப்பி அனுப்பிவிடும். மருந்துக்குப் பதில் பழக்கம்தான். இரண்டு மாதம் முன்பே கூண்டை வாங்கி வீட்டின் நடுவில் கதவைத் திறந்து வைத்து, உள்ளேயே சோறு போட்டு, பழைய துணியை விரித்துவிட்டால் நாய் தானாகப் போய்ப் படுக்கும். பூனை உங்களை முறைத்துவிட்டு, நீங்கள் பார்க்காத நேரத்தில் போகும்.

கூண்டின் அளவுக்கு சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதி இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு முன்னங்காலின் முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டினால் நீளம். தோள் அகலத்தைப் போல இருமடங்கு அகலம். நின்றால் தலையோ காதோ, எது உயரமோ அது, அதோடு விரிப்பின் கனம் சேர்ந்தது உயரம். பக், ஷீட்சூ, பெர்ஷியன் பூனை போன்ற சப்பை மூக்கு வகைகளுக்கு இதைவிடப் பத்து சதவீதம் பெரிதாக வேண்டும். அவற்றுக்கு மூச்சு விடுவதே பாடு. பல நிறுவனங்கள் அவற்றைக் கோடையில், சில நிறுவனங்கள் எப்போதுமே ஏற்றுவதில்லை.

பில்லில் அதிர்ச்சி தருவது நாயின் எடை இல்லை, கூண்டின் கன அளவு. சரக்குக் கட்டணத்துக்கு நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000 ஆல் வகுப்பார்கள். உண்மை எடையைவிட இது கூடினால் இதற்குத்தான் பணம். 102, 69, 76 சென்டிமீட்டர் கூண்டில் போகும் 30 கிலோ லாப்ரடாருக்கு 89 கிலோவுக்குக் கட்டணம் விழும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நெட்டை நாய்களுக்கு உயரத்தால் இது இன்னும் ஏறும். பூனைக்கும் சின்ன நாய்க்கும் சில நிறுவனங்களில் இருக்கைக்கடியில் பையில் வைத்துக் கொண்டுபோக அனுமதி உண்டு. லுஃப்தான்சாவில் பையோடு சேர்த்து 8 கிலோ வரை. ஆனால் பிரிட்டனுக்கும் துபாய்க்கும் சரக்காகத்தான் போக வேண்டும். கேபினில் பூனையைக் கொண்டுபோகிறவர்கள் பட்டையும் கயிறும் மாட்டியே இருக்கட்டும், பாதுகாப்புச் சோதனையில் பையை விட்டு வெளியே எடுக்கச் சொல்வார்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, பதினொரு வயதான, இதய மருந்து சாப்பிடும் நாயை என்ன செய்வது என்று கேட்டால், என் பதில்: பாட்டி வீட்டில் விட்டுவிடுங்கள். தெரிந்த வாசல், தெரிந்த குரல், தெரிந்த டாக்டர். சில மாதம் முன்பே அங்கே விட்டு விட்டு எடுத்துப் பழக்கினால் போதும். மாதாமாதம் பணமும் டாக்டர் செலவும் அனுப்புங்கள். யாரும் இல்லையென்று மலைப்பாதை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போவது பாவம் மட்டுமல்ல, 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கூட்டிப் போகிறவர்கள் திரும்பும் வழியையும் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியா தன் பங்குக்குக் கறாரான நாடுதான். வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு ஆண்டு இருந்துவிட்டு நிரந்தரமாகக் குடிபெயர்ந்து வருபவருக்குத்தான் செல்லப்பிராணியைத் தன் உடைமையோடு கொண்டுவரும் சலுகை உண்டு. ஒன்றரை வருட ஒப்பந்தம் முடிந்து திரும்புகிறவர் தன் சொந்த நாயை அழைத்துவர இறக்குமதி உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிவரலாம். இறங்குவதும் ஏக்யூசிஎஸ் உள்ள ஊர்களில் ஒன்றில்தான், கோயம்புத்தூரில் முடியாது. அதனால் ஒப்பந்தக் காலத்தைப் பார்த்துவிட்டு நாயின் டிக்கெட்டை முடிவு செய்யுங்கள். சேலத்து ஊசிப் புத்தகத்தையும் ஏற்றுமதிச் சான்றிதழின் மூலப் பிரதியையும் பாஸ்போர்ட்டோடு ஒரே கவரில் வைத்துக்கொள்ளுங்கள்.